பெரும்பாக்கத்துச் சேறும் பி.எஸ்சி. பாடமும்

ஒரு பிப்ரவரி மாதம் சார்லஸ் டார்வின் ஒரு சின்னக் குளத்தின் கரையோரம், தண்ணீருக்கு அடியில் மூன்று வெவ்வேறு இடங்களிலிருந்து மூன்று மேசைக்கரண்டி சேறு எடுத்து வந்தார். காய்ந்தபின் அதன் எடை இருநூறு கிராம்கூடத் தேறவில்லை. அதைத் தன் படிப்பறையில் ஆறு மாதம் மூடி வைத்து, முளைக்க முளைக்க ஒவ்வொரு செடியாகப் பிடுங்கி எண்ணினார். மொத்தம் 537 செடிகள். ஒரு கோப்பைக்குள் அடங்குகிற சேற்றிலிருந்து வந்தவை. 1859-இல் வெளியான ‘உயிரினங்களின் தோற்றம்’ நூலில் இதை எழுதியிருக்கிறார்.

டார்வினுக்கு வேண்டியிருந்தது வேறொன்று. நீர்ப்பறவைகளின் காலில் ஒட்டும் சேறு வழியாக விதைகள் ஊர்விட்டு ஊர் போகும் என்று காட்ட வேண்டும், அவ்வளவுதான். ஆனால் விலங்கியலோ தாவரவியலோ படிக்கும் இளங்கலை மாணவர்களுக்கு, கெட்டுப்போன இயற்கை நிலங்களைச் சீராக்கும் மீட்புச் சூழலியலைக் கற்பிக்க விரும்பும் ஆசிரியர் ஒருவர் சென்னையின் தெற்கே உள்ள பெரும்பாக்கத்தில் இருந்தால், அவருக்கு இதைவிட நல்ல முதல் செய்முறை கிடைக்காது. ஒரு வாளி, ஒரு மண்வெட்டி, ஏழெட்டு பிளாஸ்டிக் தட்டுகள் போதும். கோடையில் காய்ந்து கிடக்கும் ஏரி விளிம்பின் சேற்றை எடுத்துச் சம அளவாகப் பரப்ப வேண்டும். பாதித் தட்டுகளை ஈரமாக மட்டும் வைத்திருக்க வேண்டும். மீதியில் நாலு விரல் உயரத்துக்குத் தண்ணீர் நிற்க வேண்டும். அப்புறம் வாரம் ஒருமுறை எண்ணிக்கை.

சேறு ஒன்றே, முளைக்கிற கூட்டம் ஒன்றல்ல. ஈரத் தட்டில் கோரைகளும் புற்களும் கரையோரப் பூண்டுகளும் எழும். தண்ணீர் நின்ற தட்டில் அவற்றில் பல தலைகாட்டாது. மூழ்கி வாழப் பழகியவை மட்டும் வரும். விதை இருந்தால் மட்டும் போதாது, எந்த விதை எழ வேண்டும் என்பதைத் தண்ணீரின் உயரம்தான் தீர்மானிக்கிறது என்பதை மாணவர்கள் தங்கள் கண்ணாலேயே பார்த்துவிடுவார்கள். அதைவிட முக்கியமானது இன்னொன்று. சேற்றுக்குள் விதை உயிரோடு இருக்குமானால் அங்கே நர்சரிக் கன்று வாங்கி நடத் தேவையே இல்லை. தண்ணீரைச் சரிசெய்தால் செடி தானாக வரும்.

நம் கல்லூரிகளில் இந்தப் பாடம் தலைகீழாக நடக்கிறது என்பது என் எண்ணம். ஜூன் 5, சுற்றுச்சூழல் தினம் வந்தால் குழி வெட்டி மரக்கன்று நட்டுப் புகைப்படம் எடுக்கிறோம். மரம் நடுவதில் குற்றமில்லை. ஆனால் சதுப்பு நிலத்தில் மரம் நடுவது மீட்பு ஆகாது. பல நேரம் அது சதுப்பை மெல்லத் தரையாக்கும் வேலை. திறந்த வெளியை நம்பி வரும் உள்ளான்களும் வாத்துகளும் மரம் அடர்ந்த இடத்தில் இறங்கத் தயங்கும். பருந்து எங்கிருந்து பாயும் என்று அவற்றுக்குத் தெரியாது.

மீட்புச் சூழலியல் வயதில் இளைய துறை. இதற்கென்று உலகளாவிய சங்கம் ஒன்று அமெரிக்காவில் 1988-இல்தான் தோன்றியது. வேலை அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் 1930-களில், உழுது ஓய்ந்த ஒரு பண்ணை நிலத்தை மறுபடி புல்வெளியாக்கினார்கள். அதில் ஆல்டோ லியோபோல்டுக்குப் பங்கு உண்டு. ஜான் கர்ட்டிஸ் என்ற தாவரவியலாளர் அங்கே தீயைக் கட்டுப்பாட்டோடு வைத்துப் பார்த்து, அந்தப் புல்வெளிக்கு நெருப்பும் வேண்டும் என்று காட்டினார். இன்றும் அது அவர் பெயரில் அழைக்கப்படுகிறது. இன்றும் மாணவர்கள் அங்கே போய்ச் செடி எண்ணுகிறார்கள். பிரிட்டனில் சுரங்கக் கழிவு மேடுகளில் புல் வளர்க்கப் பாடுபட்ட ஆந்தனி பிராட்ஷா 1987-இல் ஒரு கருத்தை முன்வைத்தார். சூழலியல் நமக்கு உண்மையில் புரிந்திருக்கிறதா என்பதற்கான கடுமையான சோதனை, கெட்டுப்போன ஓர் இடத்தை மறுபடி இயங்க வைப்பதுதான் என்றார். சைக்கிளைக் கழற்றத் தெரிந்தவரெல்லாம் மெக்கானிக் இல்லை, பூட்டி ஓட்டிக் காட்ட வேண்டும், விஷயம் அதுதான். உணவுச் சங்கிலி, ஊட்டச்சத்துச் சுழற்சி, சூழல் வளர்ச்சிப் படிகள் எல்லாம் தேர்வுத்தாளில் ஐந்து மதிப்பெண் கேள்விகள். ஏரிக்கரையில் நிற்கும்போதுதான் அவை பிழைக்கிற அல்லது தோற்கிற யோசனைகள் ஆகின்றன.

பெரும்பாக்கம் இதற்கு ஏன் பொருத்தம்? வேளச்சேரி தொடங்கித் தெற்கே பரந்து கிடக்கும் பள்ளிக்கரணைச் சதுப்பின் தென்பக்கம் இருக்கிறது இந்த ஊர். மேடவாக்கத்திலிருந்து சோழிங்கநல்லூர் போகும் சாலையில் ஜனவரி மாதக் காலையில் பேருந்து ஜன்னலோரம் உட்கார்ந்தாலே நாமக்கோழி, நீலத் தாழைக்கோழி, நத்தைக்குத்தி நாரை, கூழைக்கடா எல்லாம் தெரியும். சில ஆண்டுகளில் பூநாரைகளும் வந்து நிற்கும். தாம்பரம், செம்பாக்கம், மேடவாக்கம் பக்கத்து ஏரிகள் ஒன்று நிரம்பிக் கலங்கல் வழியாக அடுத்ததற்குப் போகும்படி தொடுக்கப்பட்டவை. சுமார் 250 சதுர கிலோமீட்டர் நிலப்பரப்பின் மழைநீர் இந்தச் சதுப்பில் வந்து சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயை எட்டி, கோவளம் முகத்துவாரத்தில் கடலில் கலக்கிறது. ஒருகாலத்தில் 5,000 ஹெக்டேருக்கு மேல் இருந்த சதுப்பு இது. குடியிருப்புகள், கணினி நிறுவனங்கள், பறக்கும் ரயில் பாதை, பெருங்குடிக் குப்பைக் கிடங்கு என்று ஒவ்வொன்றும் ஒரு துண்டை எடுத்துக்கொண்டது. கடலையும் காற்றையும் ஆராயும் தேசிய நிறுவனங்கள் இரண்டும்கூட இந்த மண்ணில்தான் இடம் பிடித்தன. 2007-இல் 317 ஹெக்டேர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022-இல் சுமார் 1,248 ஹெக்டேர், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. இந்தச் சதுப்பைக் கால் நூற்றாண்டாக ஆராய்ந்து வரும் கேர் எர்த் அறக்கட்டளையின் ஜெயஸ்ரீ வெங்கடேசனுக்கு 2025-இல் ராம்சார் விருது கிடைத்தது.

இனி மாணவர்கள் தண்ணீரை அளக்கட்டும். நம் ஊரில் நீர்நிலை மீட்பு என்றதும் எல்லோர் வாயிலும் வரும் சொல் தூர்வாருதல். பாசன ஏரிக்கு அது சரி. சதுப்புக்கு அதுவே ஆபத்தாகலாம். குட்டி உள்ளான் விரற்கடை ஆழத்தில்தான் இரை தேடும். நெடுங்கால் உள்ளானுக்கு ஒரு சாண். தலையைக் கவிழ்த்து மேயும் ஊசிவால் வாத்துக்கும் நீலச்சிறகிக்கும் ஏறத்தாழ ஒரு முழம். கூழைக்கடாவும் நீர்க்காகமும்தான் அதற்கு மேல் ஆழம் கேட்கும். பொக்லைன் வைத்து எல்லா இடத்தையும் இரண்டு ஆள் ஆழத்துக்குத் தோண்டிக் கரையைச் செங்குத்தாக நிறுத்தினால் தண்ணீர் நிறைய நிற்கும், பறவை இனம் குறையும். ஒரு மூங்கில் கழியில் சென்டிமீட்டர் குறித்துக்கொண்டு கரையிலிருந்து நேர்கோட்டில் நடந்து, பத்தடிக்கு ஒருமுறை ஆழத்தையும் அங்கே நிற்கும் செடியையும் எழுதி, எதிரில் தெரியும் பறவையையும் சேர்த்துக்கொண்டால் ஒரே காலையில் இது வரைபடமாகிவிடும். விளிம்பு சரிவாக இருப்பது ஏன் முக்கியம் என்பதற்கு அப்புறம் விரிவுரை தேவையில்லை.

இன்னொரு சங்கதியையும் இங்கே சொல்லிவிட வேண்டும். சதுப்பு காய வேண்டும். வடகிழக்குப் பருவமழையில் நிரம்பி, மாசி பங்குனியில் சுருங்கி, கோடையில் வெடிப்பு விடுவதுதான் இதன் இயல்பு. தண்ணீர் வற்றும்போது மீன்கள் சிறு குட்டைகளில் நெருக்கியடிக்கும், நாரைகளுக்கு விருந்து. காய்ந்த சேற்றில் காற்று புகுந்து கரிமப் பொருள் மக்கும். பல விதைகள் அப்போதுதான் முளைக்கும். ஆண்டு முழுவதும் தண்ணீர் நிற்கிற ஏரியைப் பார்த்து நாம் மகிழ்கிறோம். பெரும்பாலும் அப்படி நிற்பது கழிவுநீர்.

கழிவுநீர் என்றதும் வெங்காயத் தாமரைக்கு வர வேண்டும். தென்னமெரிக்காவிலிருந்து வந்த இந்தச் செடி, சத்து மிகுந்த தண்ணீரில் இரண்டு வாரத்துக்குள் தன் பரப்பை இரட்டிப்பாக்கும். ஒவ்வோர் ஆண்டும் இயந்திரம் வைத்து அள்ளுகிறோம். அடுத்த ஆண்டும் அதே படலம். எதிரி அந்தச் செடி என்று நினைப்பதால் வரும் வினை இது. வீட்டுக் கழிவுநீரில் வரும் பாஸ்பரஸும் நைட்ரஜனும்தான் அதற்குத் தீனி. செடியை அள்ளிக் கரையிலேயே குவித்துவிட்டுப் போனால், அழுகி வடியும் சத்து மழையோடு மறுபடி ஏரிக்கே போகும்.

இதன் பின்னால் இருக்கும் அறிவியல் அழகானது. ஆழமற்ற ஏரிக்கு இரண்டு நிலைகள் உண்டு என்று நெதர்லாந்தின் மார்ட்டன் ஷெஃபரும் அவரது சகாக்களும் 1990-களில் விளக்கினார்கள். ஒன்று தெளிந்த நிலை: அடியில் நீர்த்தாவரங்கள் வேர் பிடித்துச் சேற்றை அடக்கி வைத்திருக்கும், வெளிச்சம் அடிவரை போகும். மற்றது கலங்கிய நிலை: பாசி பெருகி வெளிச்சத்தை மறைக்கும், அடித்தாவரம் சாகும், பிடிப்பில்லாத சேறு காற்றடித்தாலே கலங்கும், கலங்கக் கலங்க வெளிச்சம் இன்னும் குறையும். இரண்டு நிலையும் தன்னைத் தானே தக்கவைத்துக்கொள்ளும். சத்து கொஞ்சம் கொஞ்சமாக ஏறும்போது ஏரி நெடுநாள் தாக்குப்பிடித்துவிட்டுத் திடீரெனக் கலங்கும். திரும்பி வர, அது கலங்கிய அளவுக்குச் சத்தைக் குறைத்தால் போதாது. அதைவிட வெகுவாகக் குறைக்க வேண்டும். அடிச்சேற்றில் சேர்ந்துபோன பாஸ்பரஸ் பல ஆண்டுகள் கசிந்துகொண்டே இருக்கும். கழிவுநீர்க் குழாயை அடைத்துவிட்டோமே, ஏரி ஏன் இன்னும் பச்சையாக இருக்கிறது என்று கேட்கும் கவுன்சிலருக்கு மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி பதில் சொல்லக்கூடிய இடம் இது. கறுப்பு வெள்ளை வர்ணமடித்த ஒரு தகட்டைக் கயிற்றில் கட்டித் தண்ணீரில் இறக்கி, எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறது என்று பார்ப்பது அவளுக்கான கருவி. செக்கி என்ற இத்தாலியப் பாதிரியார் 1865-இல் பயன்படுத்திய வெள்ளைத் தகட்டின் வழிவந்தது. இன்றைக்கும் அதற்கு மாற்று தேவைப்படவில்லை.

மேலே இருக்கும் ஏரியைச் சரிசெய்யாமல் கீழே சதுப்பைச் சரிசெய்ய முடியாது என்பதற்குச் செம்பாக்கம் ஏரி பக்கத்திலேயே இருக்கும் சான்று. சுமார் 100 ஏக்கர் ஏரி அது. அதன் உபரிநீர் சங்கிலியாகக் கீழிறங்கிப் பள்ளிக்கரணையை அடைகிறது. தி நேச்சர் கன்சர்வன்சி, கேர் எர்த், சென்னை ஐ.ஐ.டி. மூன்றும் சேர்ந்து 2018 வாக்கில் அதன் மீட்பைக் கையிலெடுத்தன. மாணவர்களை அங்கே கூட்டிப்போவதில் ஒரு பொறி உண்டு. சரிசெய்த ஏரியை மட்டும் பார்த்துவிட்டு, பறவை பெருகியிருக்கிறது, திட்டம் வெற்றி என்று எழுதிவிடுவார்கள். அந்த ஆண்டு மழை நன்றாகப் பெய்திருந்தால் கைவைக்காத ஏரியிலும் பறவை பெருகியிருக்குமே! வேலைக்கு முன்னும் பின்னும், வேலை நடந்த ஏரியிலும் நடக்காத பக்கத்து ஏரியிலும், ஒரே முறையில் எண்ணினால்தான் எது மழையின் கொடை, எது மனிதனின் உழைப்பு என்று பிரிக்க முடியும். புள்ளியியல் தாளில் மாணவர்கள் வெறுக்கிற அட்டவணைகளுக்கு இங்கே உயிர் வரும்.

எந்த நிலைக்கு மீட்பது? வகுப்பில் நீண்ட வாக்குவாதம் கிளப்பும் கேள்வி இது. பள்ளிக்கரணையை 1960-களின் அளவுக்குக் கொண்டுபோக முடியாது. அதன் மீது நகரமே எழுந்துவிட்டது. அப்படியானால் எதைப் பார்த்து அளப்பது? மரக்காணத்துக்கு அருகே கழுவேலி இருக்கிறது. உப்பும் நன்னீரும் கலக்கும் பெரிய சதுப்பு. 2021-இல் பறவைகள் சரணாலயமாகவும் 2024-இல் ராம்சார் தலமாகவும் ஆனது. அங்கே ஒருநாள் பயணம் போய்வந்தால் கடலோரச் சதுப்பு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஓர் உயிருள்ள அளவுகோல் கிடைக்கும். அச்சு அசலாக அது பெரும்பாக்கம் ஆகாது. ஒப்பிடுவதற்கு ஓர் இடம் வேண்டும், அவ்வளவே.

தாம்பரத்திலேயே எதிர்மாறான உதாரணம் ஒன்று உண்டு. 1937-இல் சென்னை கிறிஸ்தவக் கல்லூரி நகரத்தை விட்டுச் சேலையூர்க் காட்டுப் பகுதிக்கு இடம் மாறியது. முந்நூறு ஏக்கருக்கு மேல் வளாகம். மேய்ச்சலும் விறகு வெட்டும் தேய்த்துவிட்ட புதர்நிலம். எட்வர்ட் பார்ன்ஸ் அங்கே வேதியியல் பேராசிரியர். ஆனால் மனசெல்லாம் செடிகொடிகளில். மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் சேம்புக் குடும்பத்துச் செடியொன்று அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது. அவரும் பிறகு வந்தவர்களும் பேணிய அந்தப் புதர்க்காட்டில் இன்று புள்ளிமான் மேய்கிறது. வெட்டும் மேய்ச்சலும் நின்றால் புதர்க்காடு பெருமளவு தானே மீளும். வேருக்குள் உயிர் இருக்கும், பறவைகள் விதை கொண்டுவரும். நன்மங்கலம் காப்புக்காட்டிலும் இதைப் பார்க்கலாம். இந்த அனுபவத்தை அப்படியே சதுப்புக்குக் கொண்டுவந்தால்தான் சறுக்கல். காட்டுக்கு வேலி போட்டுக் காப்பாற்றலாம். சதுப்பின் உயிர் வேலிக்கு வெளியே, பத்துக் கிலோமீட்டர் தள்ளி யாரோ ஒருவர் வீட்டுக் குளியலறையில் இருக்கிறது.

மனிதர்களைப் பேசாமல் இந்தப் பாடத்தை முடிக்கவும் முடியாது. பெரும்பாக்கத்தில் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் எட்டு மாடி அடுக்ககங்களில் ஏறத்தாழ 20,000 வீடுகள் இருக்கின்றன. கூவம், அடையாறு கரைகளில் குடிசை போட்டிருந்தவர்கள் பலர், குறிப்பாக 2015 வெள்ளத்துக்குப் பிறகு, நதிகளை மீட்பதற்காக என்று சொல்லி இங்கே குடியேற்றப்பட்டவர்கள். ஒரு நீர்நிலையின் மீட்புக்காக அகற்றப்பட்டவர்கள் இன்னொரு நீர்நிலையின் வடிகால் வழியில் வாழ்கிறார்கள். வேலையும் பள்ளியும் நகரத்தில் விட்டுப்போயின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது தண்ணீர் இங்கேயும் சூழ்ந்தது. நதி மீட்பின் வெற்றிக் கணக்கில் மீன் வகை, ஆக்ஸிஜன் அளவு எல்லாம் வரும். இந்தக் கணக்கு எந்தப் பத்தியில் வரும்? அந்த அடுக்ககங்களிலிருந்து உள்ளூர் அரசு கலை அறிவியல் கல்லூரிக்குப் பிள்ளைகள் படிக்க வருகிறார்கள். தண்ணீர் எந்தத் தெருவில் முதலில் ஏறும், எத்தனை நாள் நிற்கும் என்று அவர்களுக்குத் தெரிந்த அளவு எந்தப் பாடநூல் ஆசிரியருக்கும் தெரியாது. மூங்கில் கழி வைத்து அளந்த வரைபடத்தின் மேல் அவர்கள் சொல்வதையும் குறித்தால்தான் அது முழு வரைபடம். ஏரியில் மீன் பிடித்தவர்கள், மாடு மேய்த்தவர்கள், நெல் விளைவித்தவர்கள் இன்னும் ஜல்லடியான்பேட்டை, சித்தாலப்பாக்கம் பக்கம் இருக்கிறார்கள். கேட்டு எழுதிவைக்க இதுதான் நேரம்.

உச்சநீதிமன்றத்தின் 1991 தீர்ப்பின் பயனாக நாட்டில் ஒவ்வோர் இளங்கலை மாணவரும் சுற்றுச்சூழல் தாள் ஒன்று எழுதுகிறார். பெரும்பாலும் கைடு வாங்கி முந்தின நாள் படித்துத் தேறுகிற தாள். களப்பணிக்கு ஒதுக்கிய நேரம் ஏதாவது பூங்காவில் கழிந்துவிடும். பருவத் தேர்வு முறையும் சதுப்பின் காலண்டரும் ஒத்துப்போவதில்லை என்பது உண்மையான தடை. கல்லூரி திறக்கும்போது நிலம் காய்ந்திருக்கும். மழை கொட்டும் நவம்பரில் தேர்வு. ஆனால் மூன்றாண்டுப் படிப்புக்குள் மூன்று பருவமழை வரும் என்பதை யாரும் பயன்படுத்திக்கொள்வதில்லை. முதலாண்டில் கம்பு நட்டு அடையாளம் வைத்த ஒரு சதுர மீட்டர் கட்டங்களை அதே மாணவர்கள் மூன்றாம் ஆண்டு வரை எண்ணி, அடுத்த அணியிடம் நோட்டை ஒப்படைத்தால் பத்தாண்டில் யாரிடமும் இல்லாத ஒரு தரவு உருவாகும். பொங்கல் விடுமுறையில் தமிழகப் பறவை ஆர்வலர்கள் 2015 முதல் நடத்திவரும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு இதற்கு ஏற்கெனவே ஒரு வழி போட்டுவைத்திருக்கிறது.

பொறுமை ஏன் வேண்டும் என்பதற்கு ஓர் எண். மொரேனோ மத்தேயோஸும் சகாக்களும் 2012-இல் உலகம் முழுவதிலுமிருந்து 621 மீட்கப்பட்ட, உருவாக்கப்பட்ட ஈரநிலங்களின் தரவுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். ஒரு நூற்றாண்டு கழிந்த பிறகும் அவற்றின் உயிரியல் அமைப்பு, கெடாத ஈரநிலங்களைவிடச் சராசரியாக 26 விழுக்காடு குறைவு. கார்பன், நைட்ரஜன் போன்றவற்றைக் கையாளும் திறன் 23 விழுக்காடு குறைவு. இங்கே அழித்துவிட்டு அங்கே புதிதாக அமைத்துத் தருகிறோம் என்று சொல்கிற திட்ட அறிக்கைகளுக்கு எதிராக இந்த இரண்டு எண்கள் போதும். அதே ஆய்வில் நமக்கு ஆறுதலும் உண்டு: நூறு ஹெக்டேருக்கு மேற்பட்ட பெரிய ஈரநிலங்களும் வெப்பமான பகுதியில் இருப்பவையும் மற்றவற்றைவிட வேகமாக மீண்டன. பள்ளிக்கரணைக்கு இரண்டும் பொருந்தும்.

பல்கலைக்கழகப் பாடத்திட்டக் குழுவினரிடம் ஒரு வேண்டுகோள். மூன்றாம் ஆண்டுத் திட்டப்பணிக்கு மாணவர் புதிதாக எதையோ கண்டுபிடிக்க வேண்டும் என்று வற்புறுத்தாதீர்கள். மூத்த அணி எண்ணிய அதே கட்டத்தை, அதே மாதத்தில், அதே முறையில் மறுபடி எண்ணி வந்தால் அதற்கும் முழு மதிப்பெண் கொடுங்கள். காப்புக்காட்டு எல்லைக்குள் போக வனத்துறை அனுமதி வேண்டும். அந்தக் கடிதத்தைத் துறைத்தலைவர்கள் ஏப்ரலிலேயே எழுதிவிட்டால், தென்மேற்கு மழை ஈரம் படுவதற்கு முன் முதல் தட்டுச் சேற்றை எடுத்துவிடலாம். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸும் கையுறையும் வாங்கத் துறை நிதியில் ஒரு தொகை ஒதுக்குங்கள். அது கழிவுநீர் கலந்த சேறு.